சூடு காக்கும் ஐஸ் பெட்டி

பெட்டி நீல நிறம். மூடி ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது பழுப்பேறிக் கிடக்கிறது. ஒரு பக்கக் கைப்பிடி போய்விட்டது, அந்த இடத்தில் நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். மூடியின் மேல் வரிசையாக அங்குலக் கோடுகள். பிடித்த மீனைக் கிடத்தி நீளம் பார்ப்பதற்கு. கொலம்பியா ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் பல வருடம் போய்வந்த பெட்டி அது. 45 லிட்டர் பிடிக்கும். இனிமேல் அதற்குள் ஐஸ் விழப்போவதில்லை.

போர்ட்லாந்தின் தென்கிழக்கில் ஒரு காரேஜ். அக்டோபர் மாதத்து ஒரிகன் மழை, பெய்கிறதா நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாதபடி தூறிக்கொண்டிருந்தது. மனைவி பிளம்பர்; வீடு வீடாகப் போய்க் குழாய் வேலை செய்பவர். கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பீர் காய்ச்சும் ஆசை கணவருடையது, கைவேலை மனைவியுடையது. நான் அவர்கள் வீட்டு மாடியறையில் குடியிருப்பவன். பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று கேட்டபோது, கவிழ்த்து வைத்த வாளி ஒன்றைக் கணவர் காலால் நகர்த்திக் காட்டினார். அதில் உட்கார்ந்தேன். பிறகு நான் பேசவில்லை. பேசத் தேவையும் வரவில்லை.

முதல் வேலை மோந்து பார்ப்பது. கணவர் பெட்டிக்குள் தலையை நுழைத்து, மூலை மூலையாக மோந்தார். சோடாப்பு கரைத்த வெந்நீரை ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்திருந்தார்கள். தலையை வெளியே எடுத்து மனைவியைப் பார்த்தார். அவரும் குனிந்து மோந்தார். ஒரு மூலையில் நிறுத்தி, அங்கேயே இன்னொரு முறை. பிறகு தலையசைத்தார். மீன் போய்விட்டது.

பெட்டியின் அடியில், ஐஸ் கரைந்த தண்ணீரை வடிக்க ஒரு துளை உண்டு. பிளாஸ்டிக் அடைப்பான் போட்டது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அங்கே ஒரு வால்வு வைக்க வேண்டும். சொன்னால் இவ்வளவுதான். ஆனால் ஐஸ் பெட்டியின் சுவர் ஒரே சுவர் அல்ல. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தோல், வெளியே ஒரு பிளாஸ்டிக் தோல், நடுவில் நுரை. இருபுறமும் நட்டை வைத்து முறுக்கினால் நுரை நசுங்கும், சுவர் உள்வாங்கும், வாஷர் சரியாகப் படியாது. தண்ணீர் வெளியே ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். சுவருக்குள் ஒழுகினால் தெரியாது. நுரை நனைந்து ஊறிப்போகும். அதன் பிறகு அந்தப் பெட்டி குளிரையும் காக்காது, சூட்டையும் காக்காது.

அந்த அம்மாள் ஒரு துண்டுக் குழாயை எடுத்தார். சுவரின் கனத்தை அளந்தார். ஹாக்சா பிளேடால் அதே அளவுக்கு அறுத்து, அரத்தால் பிசிறு நீக்கி, துளைக்குள் செருகினார். நட்டு எவ்வளவு இறுகினாலும் அழுத்தம் இனி அந்தக் குழாயின் மேல்தான் விழும், நுரையின் மேல் விழாது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று சிலிக்கோன் வாஷர். மரையில் டெஃப்லான் டேப்பை மரை போகும் திசையிலேயே சுற்றினார். எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போது உரிந்து வந்துவிடும். ஸ்பேனரை எடுக்கவேயில்லை. கையால் முறுக்கி, கடைசியாக ஒரு கால் சுற்று மட்டும் பிளையரால். எங்கே நிறுத்துவது என்று அறிந்த கை அது. அதைப் பார்க்கத்தான் நான் போனேன் என்றுகூடச் சொல்வேன்.

பெட்டியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். சொட்டு இல்லை. கணவருக்கு முகம் மலர்ந்தது, அம்மாளுக்கு மலரவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். வெந்நீர் போன கொஞ்ச நேரத்தில் வால்வுக்குக் கீழே ஒரு முத்துத் திரண்டது. பிளாஸ்டிக் சூட்டில் இளகி விரியும். குளிர்ந்த தண்ணீருக்கு மூடிக்கொள்ளும் வழி வெந்நீருக்குத் திறந்துகொள்ளும். இன்னும் ஒரு எட்டில் ஒரு பங்கு சுற்று. முத்து விழுந்தது. அடுத்த முத்து வரவில்லை.

இந்தப் பெட்டி எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். பீர் என்பது பார்லியில் தொடங்குகிறது. அதுவும் முளைகட்டி உலர்த்திய பார்லியில். மால்ட் என்று சொல்வது அதைத்தான். முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சியவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். சாதாரண மாவில் கெட்டிப்படும் கஞ்சி, முளைகட்டிய மாவில் நீர்த்து நிற்கும். லேசாக இனிக்கவும் செய்யும். முளை விடும்போது தானியம் தனக்குள் உண்டாக்கிக்கொண்ட நொதிகள் மாவுச்சத்தை அறுத்துச் சர்க்கரையாக்குகின்றன. பார்லியிலும் அதுவே நடக்கிறது. அந்தச் சர்க்கரையைத்தான் பின்னால் ஈஸ்ட் தின்று சாராயச் சத்தாக மாற்றும்.

ஆனால் அந்த நொதிகளுக்குச் சூடு ஒரு பிரச்சினை. பீட்டா அமைலேஸ் என்பது 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் நன்றாக வேலை செய்யும். 70-ஐத் தாண்டினால் சீக்கிரம் செத்துப்போகும். ஆல்ஃபா அமைலேஸுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும். 63-இல் ஊறினால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகம், பீர் இலேசாக, வறட்சியாக இருக்கும். 70-இல் ஊறினால் வாயில் கனக்கும். இரண்டுக்கும் நடுவே, 67-இல், ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். அடுப்பில் பாத்திரத்தை வைத்து அப்படி நிறுத்துவது பெரும்பாடு. அடி கொதிக்கும், மேல் ஆறும். கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய ஆலைகளில் நீராவி ஓடும் உறை போட்ட தொட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டில் காய்ச்சுபவர் என்ன செய்வார்? கோடைக்கு ஐஸ் வைக்கும் பெட்டியைத் தேடுகிறார். நுரைச் சுவருக்கு வெயில் உள்ளே வருகிறதா, சூடு வெளியே போகிறதா என்ற கவலை இல்லை. இரண்டையும் ஒரே மாதிரி மறிக்கும்.

எடுத்துச் செல்லும் ஐஸ் பெட்டிக்கு 1951-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர் இல்லினாய் மாநிலத்தின் ரிச்சர்ட் லேராமி. வெந்நீரில் தானியம் ஊறவைக்கும் நினைப்பு அவருக்கு இருந்திருக்க வழியில்லை. இருந்திருந்தாலும் வெளியே சொல்லியிருக்க மாட்டார். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் முடிந்தபோது வீட்டில் ஒயின் செய்துகொள்ள அனுமதி கிடைத்தது, பீர் விட்டுப்போனது. அந்த விடுபாடு 45 ஆண்டு நீடித்தது. 1978 அக்டோபர் 14 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தில்தான் அது சரிசெய்யப்பட்டது. பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருக்கும் வீட்டுக்கு 200 காலன், விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டு, அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் இணங்கின. நம் ஊர்க்காரர் ‘வீட்டில் காய்ச்சுவது’ என்று கேட்டதும் நினைப்பது வடிசாராயம். அது வேறு. அந்தச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை.

போர்ட்லாந்து சட்டத்துக்காகக் காத்திருந்த ஊர் அல்ல. ஃபிரெட் எக்கார்ட் என்பவர் வீட்டில் லாகர் பீர் செய்யும் முறையை 1970 வாக்கிலேயே இங்கிருந்து சிறு நூலாக எழுதிவிட்டார். காய்ச்சும் சாமான் விற்கும் எஃப்.எச். ஸ்டைன்பார்ட் கடை 1918-இல் தொடங்கியது. கணவர் தூக்கிவந்த மால்ட் பையும் அந்தக் கடையில் உடைத்து வாங்கியதுதான்.

இப்போது வடிகட்டி. தானியத்தையும் சாறையும் பிரிக்க வேண்டும். வால்வுக்குள் தானியம் புகுந்தால் அடைத்துக்கொள்ளும். இதற்கு வீட்டில் காய்ச்சுவதைப் பற்றி எழுதியவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். கொலராடோவின் சார்லி பபாசியன் 1984-இல் வந்த தன் புகழ்பெற்ற புத்தகத்தில், ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடி முழுக்கத் துளை போட்டு இன்னொரு வாளிக்குள் இறக்கச் சொன்னார். ஜான் பால்மர் உலோகவியல் படித்தவர். செப்புக் குழாய்களைச் சட்டமாக இணைத்து, அடிப்பக்கம் கீறல் போடச் சொன்னார். ஒரிகன்காரரான டென்னி கான் பரப்பிய வழிதான் எல்லாவற்றையும்விட எளிது, செலவும் குறைவு. குழாயடியிலிருந்து வெந்நீர்த் தொட்டிக்குத் தண்ணீர் போகும் ஹோஸ் இருக்கிறதே, மேலே எவர்சில்வர் கம்பிப் பின்னல் போட்டது, அந்தப் பின்னலை மட்டும் உரித்து எடுத்துக்கொள்வது.

வீட்டில் வாக்குவாதம் என்று ஒன்று நடந்தால் இங்கேதான் நடந்திருக்கும். அம்மாளின் வேன் நிறையச் செப்புக் குழாய்த் துண்டுகள். செப்புச் சட்டம் செய்துதருகிறேன் என்கிறார். கணவர் பின்னல்தான் வேண்டும் என்கிறார். அம்மாள் ஒரு புது ஹோஸைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல ஹோஸ். இதைக் கெடுக்கணுமா?”

கணவர் பதில் சொல்லவில்லை. அம்மாள் பேனாக்கத்தியின் நுனியால் பின்னலைச் சுரண்டினார். எவர்சில்வர் போலவே மினுங்கும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் இழையில் பின்னியவையும் கடையில் கிடைக்கும். வெந்நீரில் அவை தளர்ந்து சப்பையாகிவிடும். சுரண்டிய இடத்தில் உலோகம் பளிச்சிட்டது. சரி என்பது போல ஹோஸை வைஸில் பிடித்து, இரண்டு தலையையும் அறுத்தார்.

உள்ளே இருக்கும் ரப்பர் குழாயை இழுத்தால் வராது. இழுக்க இழுக்கப் பின்னல் இறுகிக் கவ்வும். எதிர்மாறாகச் செய்ய வேண்டும். பின்னலை இரு பக்கமும் உள்நோக்கித் தள்ளினார். அது தளர்ந்து உப்பியது. குழாய் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கையில் மிஞ்சியது வெறும் கம்பி வலை, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு முனையை மூன்று மடிப்பாக மடித்துப் பிளையரால் நசுக்கினார். மறுமுனையை வால்வின் உட்பக்கத்தில் மாட்டிக் கிளிப் போட்டு முறுக்கினார். வெட்டிய முனையில் கம்பி ஊசி ஊசியாக நிற்கும். அவர் விரலில் ஒரு துளி ரத்தம். பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

இவ்வளவு பார்த்தபின் அந்தப் பின்னல்தான் வடிகட்டி என்று யாருக்கும் தோன்றும். அது பாதிதான் உண்மை. நிஜமான வடிகட்டி பார்லியின் உமி. மால்ட்டை மாவாக அரைக்கக் கூடாது, உடைக்கத்தான் வேண்டும்; உள்ளே இருக்கும் பருப்பு நொறுங்க வேண்டும், உமி முழுசாக நிற்க வேண்டும். அந்த உமிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து மெத்தை போடும். சாறு அந்த மெத்தை வழியே இறங்கும்போது தெளியும். பின்னல் செய்வதெல்லாம் மெத்தை சரிந்து வால்வுக்குள் போகாமல் தாங்குவதுதான். உமியில்லாத கோதுமையை நிறையச் சேர்த்தால் எல்லாம் களியாகி நின்றுவிடும் என்பதால், காய்ச்சுபவர்கள் நெல் உமியைப் பொட்டலமாகக் காசு கொடுத்து வாங்கிக் கலக்கிறார்கள். நம் அரிசி ஆலைகளின் பின்புறம் மலையாகக் குவிந்து கிடக்கும் அதே உமி.

மதியத்துக்குமேல் அடுப்பு மூட்டினார்கள். பெட்டிக்குள் முதலில் வெறும் வெந்நீரை ஊற்றி மூடிவைத்தார் கணவர். குளிர்ந்த பெட்டி தன் பங்குக்குச் சூட்டை விழுங்கிவிடும். அந்தப் பசியை முதலில் தீர்த்துவிட வேண்டும். அந்த நீரைக் கொட்டிவிட்டு, 74 டிகிரிக்குச் சுட்ட 13.5 லிட்டர் தண்ணீரை ஊற்றினார். 4.5 கிலோ மால்ட். குளிர்ந்த தானியம் விழுந்ததும் 67-க்கு இறங்க வேண்டும் என்பது கணக்கு. மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும் என்று அம்மாள் சிறிது சிறிதாகச் சரிக்க, கணவர் மரத் துடுப்பால் கிண்டினார். காரேஜ் முழுக்க வாசனை எழுந்தது. வறுத்த தானியமும் சூடான பாலும் கலந்த மாதிரி ஒன்று. வெப்பமானியைப் பல இடத்தில் குத்திப் பார்த்தார். 67. மூடினார். மூடிமேல் பழைய கம்பளிச் சட்டையைப் போர்த்தினார்.

காலையிலிருந்து அறுத்தது, முறுக்கியது, சண்டை போட்டது எல்லாம் இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான். இந்த ஒரு மணி நேரத்தில் செய்ய ஒரு வேலையும் கிடையாது. கணவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு முறை மூடிப் பக்கம் கை போனது. அம்மாள் ஒவ்வொரு முறையும் பார்வையாலேயே அதைத் திருப்பி அனுப்பினார். திறந்தால் சூடு போகும். நல்ல கருவி என்பது மனிதனை வேலை செய்ய வைப்பது மட்டுமல்ல, வேண்டாத இடத்தில் கையைக் கட்டிப்போடவும் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கடையில் வாங்கிய தொட்டியில் சூடு ஏன் நிற்கிறது, சாறு ஏன் தெளிகிறது என்று கேட்கத் தோன்றாது. இந்த இருவருக்கும் ஒவ்வொரு வாஷருக்கும் காரணம் தெரியும். எங்கே கசியும், எதனால் அடைக்கும் என்று தெரியும். கலிஃபோர்னியாவின் சிகோ ஊரில் வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்குச் சாமான் விற்றுக்கொண்டிருந்த கென் கிராஸ்மன், பால் பண்ணைக்காரர்கள் கழித்துப்போட்ட தொட்டிகளை வெட்டி ஒட்டித்தான் 1980-இல் சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார். அந்த மாதிரி மனிதர்களுக்குப் பீர் நாக்கில் புரிவதற்கு முன்பே கையில் புரிந்துவிடுகிறது. நான் அதை உயர்ந்த அறிவாக மதிக்கிறேன்.

மணி ஆனதும் கணவர் ஒரு கரண்டிச் சாறை வெள்ளைத் தட்டில் விட்டு, அயோடின் ஒரு சொட்டு சேர்த்தார். மாவுச்சத்து மிச்சமிருந்தால் கருநீலமாகும். ஆகவில்லை, பழுப்பு பழுப்பாகவே பரவியது. தட்டைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். அயோடின் பட்டதைத் திரும்பப் பெட்டிக்குள் ஊற்றக் கூடாது.

வால்வைத் திறந்தது அம்மாள். கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக. அவசரப்பட்டு முழுக்கத் திறந்தால் உறிஞ்சலில் உமி மெத்தை இறுகிக் கல்லாகி, ஒரு சொட்டும் வராது. முதலில் வந்தது கலங்கல், மாவும் தூளுமாக. அதை ஒரு குவளையில் பிடித்து, மெத்தை கலையாமல் கரண்டியின் பின்புறத்தில் விழவைத்து மேலேயே திரும்ப ஊற்றினார்கள். இரண்டாவது குவளையும் கலங்கல். மூன்றாவதில் நிறம் மாறத் தொடங்கியது. அடுத்த குவளையைக் கணவர் வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தேன் நிறம், மறுபக்கம் அவர் விரல் ரேகை தெரிந்தது. ஒன்பது லிட்டர் இறங்கியது, மற்றதைத் தானியம் குடித்துவிட்டது. மறுபடி வெந்நீர் ஊற்றி, கிண்டி, சற்றுப் பொறுத்து, இரண்டாம் முறை இறுத்தார்கள். மொத்தம் 25 லிட்டர்.

எனக்கும் ஒரு குவளை கொடுத்தார்கள். திகட்டும் இனிப்பு, அடியில் கொஞ்சம் ரொட்டிக் கருகல். இதில் இன்னும் ஒரு துளி போதை கிடையாது.

சாறு அடுப்பில் ஏறியது. கொதி வந்ததும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூ விழுந்தது. காஸ்கேட் வகை, ஒரிகனில் வளர்த்தெடுத்து 1972-இல் வெளியிட்டது. ஒரு மணி நேரம் கொதித்து, செப்புச் சுருளில் தண்ணீர் ஓட்டி ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு மூடினால் இரண்டு வாரம் கழித்துப் பீர். இதெல்லாம் யாரும் செய்வது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாட்டி சக்கையை இரண்டு வாளியில் நிரப்பித் தன் கோழிகளுக்குக் கொண்டுபோனார்.

அம்மாள் அடுப்புப் பக்கமே போகவில்லை. பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊறவைத்தபோது 67, திறந்தபோது 65.5. ஒன்றரை டிகிரி எங்கே போனது? பெட்டியின் பக்கச் சுவரை விரல் முட்டியால் தட்டினார், மந்தமான சத்தம். மூடியைத் தட்டினார், டொக்கென்றது. மூடிக்குள் நுரையே இல்லை, வெறும் காற்று. விலை குறைந்த பெட்டிகளில் அப்படித்தான் விட்டுவிடுவார்கள். குளிர்ந்த காற்று அடியில் தங்கும் என்பதால் ஐஸுக்கு அது போதும். சூடு மேலே ஏறும், அதற்குப் போதாது.

பென்சிலால் மூடியின் விளிம்பில் நான்கு புள்ளி வைத்தார். நான்கு துளை போட்டு, பிதுங்கி விரியும் நுரையை உள்ளே செலுத்த வேண்டும். ஒரேயடியாகச் செலுத்தினால் மூடி உப்பி வளைந்துவிடும். மூன்று தவணையாக, நடுநடுவே ஆறவிட்டு. வேனுக்குள் ஏறித் தேடினார். நுரை டப்பா தீர்ந்திருந்தது. கடை மூட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று கணவரிடம் சொல்லிவிட்டு, கொதியைக் கிண்டிக்கொண்டிருந்தவரின் பாக்கெட்டிலிருந்து கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.